துப்பு இல்லாத வாளி

இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மணி மூன்று. நான்கு ஆனதும் அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிவிடப் போவதாகவும், அதுவரை நாங்கள் இந்த அறையில் எதை வேண்டுமானாலும் மோந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையின் வேலையே மோந்து பார்ப்பதுதான் என்பதால் கிண்டல் எடுபடவில்லை.

அது ஒரு ஒயின் கம்பெனியின் சுவை பார்க்கும் அறை. வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை. பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாதபடி நான்கு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு முக்காலி, ஒரு பென்சில், காலடியில் மூடிபோட்ட ஒரு ஸ்டீல் வாளி. எண் எழுதிய துணிப்பைக்குள் மறைத்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார்கள். வாயில் வைத்துச் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு, என்ன சுவை என்று எழுத வேண்டும். குடிக்கக் கூடாது. இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது தெரியாமல் நான் காலேஜில் மூன்று வருடங்களை வீணடித்திருக்கிறேன்.

காலை பதினொரு மணிக்கு, ஐந்தாவது கிளாஸில், தலைமைச் சுவைஞர் முக்காலியோடு சாய்ந்துவிட்டார். கம்பெனி முழுக்க அவரை மூக்கு என்றுதான் அழைக்கிறது. ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டால் எந்தச் சரிவில் விளைந்த திராட்சை, எந்த வருடம் என்று சொல்லிவிடுவாராம். அவர் வேண்டாம் என்று எழுதினால் பீப்பாயோடு சாக்கடைக்குப் போய்விடும். இப்போது அவர் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். உடம்புக்குள் என்ன போனது என்று தெரிந்தால் வழி உண்டு, தெரியாவிட்டால் சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆய்வகத்தின் பதில் நாளைக் காலைதான் வரும்.

ஊற்றியது மூக்கின் தம்பி மனைவி. எல்லோரும் சின்னவள் என்கிறார்கள். போன மாதம் அவள் இரண்டு வருடம் பொத்திப் பொத்தித் தயாரித்த மூன்று பீப்பாய் ஒயினை மூக்கு ஒரே வரியில் கொன்றிருந்தார். ‘உயிரில்லை. கொட்டிவிடலாம்.’ அன்று நடு முற்றத்தில் நின்று, அந்த நாக்கு விளங்காமல் போகட்டும் என்று சின்னவள் கத்தியதை இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். சாபம் கொடுத்த வாய், ஊற்றிக் கொடுத்த கை, விழுந்து கிடக்கிற ஆள். இன்ஸ்பெக்டருக்கு இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. போன் பறிபோவதற்குள் சின்னவள் கூப்பிட்ட ஒரே ஆள் மேடம்தான்.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வருடம் தபால் இலாகாவில், முகவரி அழிந்துபோன கடிதங்களைப் படித்து யாருக்குச் சேர வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிபவர். நாலு வரி கொடுத்தால் போதும், எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார். நான் அவருடைய உதவியாளன். எனக்கு அவர் வைத்த பெயர் வாய். மூக்கு விழுந்த கேஸை வாய் விசாரிக்கப் போகிறது என்று வரும் வழியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடைபாதை பெஞ்சில் பெண் போலீஸுக்குப் பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் பாட்டில், கிளாஸ், கார்க், துடைத்த துணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. நான்கு பேர் எழுதிய தாள்களின் நகல் மட்டும் மேஜைமேல் இருந்தது. மேடம் அவற்றை வரிசையாகப் பரப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். கூட இருந்த மூன்று சுவைஞர்களில் மூத்தவரான மீசைக்காரரைக் கூப்பிட்டு, ஐந்தாவது கிளாஸுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்.

மீசைக்காரர் தயங்காமல் சொன்னார். ஈர அட்டைப்பெட்டி வாடை. கார்க் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும். அதை வாயில் வைக்கவே தேவையில்லை, கிளாஸைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். மற்ற இரண்டு பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

மேடம் மூக்கின் தாளை அவர் பக்கம் திருப்பினார். அதே ஐந்தாவது கிளாஸுக்கு மூக்கு எழுதியிருந்தது இது: ‘பழுத்த அத்தி. மெல்லிய புகை. கடைசியில், இஸ்திரிப் பெட்டி சட்டையைத் தொட்ட நொடியில் எழும் சூட்டு வாசனை. பத்துக்கு ஒன்பது.’

மீசைக்காரர் இரண்டு தடவை படித்தார். அவர் மீசை ஒருமுறை ஏறி இறங்கியது.

விஷம் ஏறியதில் மூக்கு மழுங்கியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். மழுங்கிய மூக்குக்கு அத்திப்பழம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பதினைந்து.

மேடம் பழைய தாள்கள் வேண்டும் என்றார். ஒரு வருடத்துக் கோப்பு வந்தது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். ஆறு மாதத்துக்கு முன்னால்வரை மூக்கு எழுதியதெல்லாம் ஒரு மாதிரி. துருப்பிடித்த இரும்பு, உடைத்த கருங்கல், புகையிலை, குதிரைச் சேணம். படிக்கும்போதே மீசை முளைத்துவிடும். அதற்குப் பிறகு எழுதியது வேறு மாதிரி. பால் பொங்குவதற்கு முந்தின நொடி. கொடியில் காய்ந்து மடிக்கப்போகும் துணி. குழந்தையின் தலையைத் துவட்டின துண்டு. அந்தப் புது வருணனைகளைச் சுவைஞர்கள் மத்தியில் ஆஹா ஓஹோ என்று கொண்டாடினார்களாம். மனிதர் கவிஞராகிவிட்டார் என்று பேச்சாம்.

“இவர் சட்டைக்கு வீட்ல யாரு இஸ்திரி போடுறது?” என்று கேட்டார் மேடம்.

மீசைக்காரருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. மூக்குக்கு இஸ்திரிப் பெட்டியின் எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியாது, பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியாத ஆள், எல்லாம் அவர் மனைவிதான் என்றார். அந்த அம்மாளுக்கும் இந்தக் கம்பெனியில்தான் வேலை. பாட்டில்களைத் துணிப்பையில் போட்டு எண் எழுதுவது அவர்தான். எந்த எண்ணில் எந்த ஒயின் என்று அவரைத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வாக்குமூலம் கொடுக்க வந்து அலுவலக அறையில் காத்திருந்தார். மேடம் கூப்பிட்டனுப்பினார். நடைபாதையில் சின்னவளைக் கடந்து வந்தபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். சின்னவள், அக்கா என்று எழுந்திருக்கப் போனாள். பெண் போலீஸ் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வாசற்படியில் கால் வைத்ததுமே அந்த அம்மாளுக்கு முகம் சுளித்தது. “ஊறப்போட்டு மறந்துபோன துணி மாதிரி வாடை வருதே இங்க.”

எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். காலை மழையில் நனைந்த இன்ஸ்பெக்டரின் ரெயின்கோட் அங்கே ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு அசடு வழிய வெளியே கொடுத்தனுப்பினார்.

மேடம் மீசைக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை அந்த அம்மாளுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எத்தனை மாசமா அவருக்கு வாசனை தெரியலை?”

அந்த அம்மாள் முதலில் மேடத்தைப் பார்த்தார், பிறகு தாள்களைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஆறு மாதம் என்றார். ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து, சுவை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், ஒவ்வொரு ஒயினிலும் இன்னொரு பாட்டிலைத் திறந்து இவர் சுவைத்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அவர் எண் வாரியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து எழுதுவார். நேற்று இவர் திறந்த பாட்டிலில் கார்க் நன்றாக இருந்தது. இன்று மேஜைக்கு வந்த பாட்டிலில் கெட்டுப்போயிருந்தது. திறக்கும்வரை அது யாருக்குத் தெரியும்?

“வெளில சொல்லிடாதீங்கம்மா. அந்த மூக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சா, அவர் பிழைச்சு எழுந்தாலும் செத்த மாதிரிதான்.”

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கதை நன்றாக இருக்கிறது என்றும், ஆனால் புருஷனுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பது அவர் ஸ்டேஷனில் குற்றமில்லை என்றும் சொன்னார். விஷம் வைக்கிறவளுக்கு இதைவிட வசதி எது? எந்த மூக்குள்ள ஆளும் கண்டுபிடித்திருக்கக்கூடியதை இவருக்கு மட்டும் தைரியமாக ஊற்றலாம். நாங்கள் தோண்டி எடுத்தது சின்னவளை விடுவிக்கவில்லை, இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டது. மணி மூன்று முப்பத்தெட்டு.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரி. நாடி இன்னும் இறங்குகிறது. ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுபவரா என்று டாக்டர் மறுபடி கேட்கிறாராம். எடுத்த இன்ஸ்பெக்டர் கேள்வியை அந்த அம்மாளிடம் திருப்பினார். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஆனால் மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்ததை மேடமும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மேடம் எழுந்து அறையின் நடுவில் நின்றார்.

“வாய், இந்த ரூம்ல போலீஸ் எடுத்துட்டுப் போகாதது என்ன?”

முக்காலி, பென்சில், தடுப்பு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அப்புறம் வாளி. நான்கு வாளிகளும் மூடி போட்டபடி அப்படியே இருந்தன. அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அடுத்தவன் எச்சில் சார் என்றார். நாலு பேர் துப்பி வைத்ததை யார் கையில் தூக்கிக்கொண்டு போவது என்ற அவருடைய நியாயம் எனக்கு உடனே புரிந்தது. மேடம் மூடியைத் திற என்று சொன்னபோது இன்னும் நன்றாகப் புரிந்தது. என் வேலையில் எச்சில் சேர்த்தி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

முதல் வாளியைத் திறந்தேன். அடியில் சிவப்பாக ஒரு குளம், குடலைப் புரட்டும் புளித்த வாடை. இரண்டாவது அதேதான். மூன்றாவது மீசைக்காரருடையது, நுரையும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கினுடைய நான்காவதைத் திறந்தேன். பிடித்த மூச்சு வீணாகிவிட்டது. வாளி பளபளவென்று கழுவி வைத்த மாதிரி இருந்தது. அடியில் என் முகம் தெரிந்தது.

“என்ன இருக்கு?” என்றார் மேடம்.

“ஒண்ணும் இல்லை மேடம். துப்பே இல்லை.”

“அதுதான் துப்பு.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். எச்சில் என்ற நினைப்பே அவருக்கு இல்லை, ஏனென்றால் அங்கே எச்சிலே இல்லை. ஐந்து கிளாஸ் ஒயின் இந்த மனிதர் வாய்க்குள் போயிருக்கிறது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

மேடம் மெதுவாகத்தான் சொன்னார். நாற்பது வருடம் துப்பிப் பழகிய ஆள் துப்பவில்லை. மூக்கு செத்துப்போனவர், தொண்டையில் இறங்கும்போதாவது ஏதாவது தெரியாதா என்று விழுங்கிப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு மட்டுமல்ல, ஆறு மாதமாக இப்படித்தான் இருந்திருக்கும். தடுப்பு இருப்பதால் யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாதமாக விழுங்கியும் ஒன்றும் ஆகாதவர் இன்றைக்கு ஏன் விழுந்தார்? இன்றைக்குப் புதிதாக என்ன இருந்தது? அதைக் கேட்டபோது அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டிருந்தது. எழுந்து வந்து வாளிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போலிருந்தது, உண்மையில் இரண்டு விநாடிதான் இருக்கும்.

“துப்பிடுவேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாரே,” என்றார்.

கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. ஒரு மாத்திரை காலி. யாருக்கும் தெரியக்கூடாது என்று வெகுதூரம் போய் ஒரு புது டாக்டரிடம் மூக்கைக் காட்டியிருக்கிறார்கள். அந்த டாக்டர் இந்த மாத்திரை சாப்பிடும்வரை மது ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது, பத்து நாள் வேலைக்கு லீவு போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் துப்பிவிட்டுக் கொப்பளித்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு, இன்று காலை முதல் வேளையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். அவர் துப்புகிறவர் என்று இவர் நம்பினார். அதனால் மாத்திரைக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமே இருக்க முடியாது, சின்னவள்தான் எதையோ கலந்துவிட்டாள் என்றும் நம்பினார். மாத்திரையைக் காட்டினால் மூக்கு போன விஷயம் வெளியே வந்துவிடும். டாக்டர் இரண்டு தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மணி நேரமாக அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இங்கே ஒருத்தி ஜெயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், இரண்டுக்கும் பதில் இந்த அம்மாளின் பைக்குள் இருந்திருக்கிறது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

போன் சுவரில் இருந்தது. அந்த அம்மாள் போய் ரிசீவரை எடுத்தார். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீசைக்காரர், மற்ற இரண்டு சுவைஞர்கள், அலுவலகத்து ஆட்கள், பெண் போலீஸோடு சின்னவள். இத்தனை பேர் காதில் விழாமல் பேச முடியாது. எண்ணைச் சுழற்றப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் ரிசீவரை வாங்கிக்கொள்ளப் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு விநாடிதான். ஆனால் அந்த ஒரு விநாடிக்கு என் நகம் உள்ளங்கையில் பதிந்துவிட்டது.

அந்த அம்மாள் எண்ணைச் சுழற்றினார்.

“டாக்டர், அவருக்கு ஆறு மாசமா வாசனை தெரியாது. அதுக்கு மாத்திரை சாப்பிடுறார். அதுக்கு மேல அஞ்சு கிளாஸ் குடிச்சிருக்கார். பேர் சொல்றேன், எழுதிக்குங்க.”

மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மணி மூன்று ஐம்பத்தாறு.

இன்ஸ்பெக்டர் தன் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெண் போலீஸிடம் கண்ணைக் காட்டினார். சின்னவளின் தோளிலிருந்து கை விலகியது. அவள் நேராக உள்ளே வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று மேடம் நினைத்திருக்கலாம். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை.

“ஆறு மாசமா தெரியாதுன்னா, போன மாசம் என் பீப்பாய்க்கு உயிரில்லைன்னு எழுதினது யாருக்கா? நீங்களா?”

“நான் இல்லடி. அன்னிக்கு நான் ஊர்ல இல்லை. திடீர்னு பீப்பாயைத் திறந்துட்டாங்க. அவர் கைல சீட்டு இல்லை.” அந்த அம்மாள் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். “வாயில வெச்சா ஒண்ணுமே தெரியலையாம். தெரிஞ்சதை எழுதிட்டு வந்துட்டார். வீட்ல வந்து அழுதார்.”

சின்னவளுக்கு அது இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று பீப்பாயும் அன்று சாயங்காலமே சாக்கடைக்குப் போய்விட்டது. அதில் உயிர் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவள் கையை ஓங்கிவிடுவாள் என்றே நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டரும் நினைத்திருக்க வேண்டும், ஒரு அடி முன்னால் வந்தார்.

போன் அடித்தது. அந்த அம்மாளால் எடுக்க முடியவில்லை. மேடம் எடுத்தார். எதிர்முனையில் இருந்தவர் பேசப் பேச, சரி, சரி என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். மாற்று மருந்து ஏற்றியாகிவிட்டது, நாடி ஏறுகிறது, இன்றிரவைத் தாண்டிவிடுவார் என்றார்.

அந்த அம்மாள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. பக்கத்தில் போக ஒருவருக்கும் தைரியமில்லை.

சின்னவள் பெண் போலீஸிடம் போய்த் தன் கைப்பையைத் திருப்பி வாங்கினாள். அதிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அந்த முக்காலிக்கு முன்னால் நின்றாள்.

“எழுந்திருங்க. நானே கொண்டுபோய் விடுறேன். வழியில எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

நானும் மேடமும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். முற்றத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் காரின் பின்கதவைத் திறக்கப் போய், பூட்டியிருந்ததால் நனைந்துகொண்டே நின்றார். சின்னவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது. பிறகு அவள் பக்கவாட்டில் சாய்ந்து, முன்கதவைத் திறந்துவிட்டாள்.